மரபு என்று போட்ட பாட்டு

"இன்னும் கொஞ்சம் திறங்க சார், இன்னும், ஆங், அப்படியே" என்கிறார் டாக்டர் சீனிராஜ், இதற்கு மேல் திறந்தால் தாடை கழன்று உங்கள் கையோடு வந்துவிடும் டாக்டர் என்று சொல்ல நினைக்கிறேன், சொல்ல வாய் இல்லை, வாய் அவரிடம் இருக்கிறது. மேலுதடு எங்கே என்று தெரியவில்லை. ஊசி போட்டதும் முதலில் மூக்கின் இடது பக்கம் விலகிப் போனது, அப்புறம் மீசை, அப்புறம் உதடு, இப்போது முகத்தின் நடுவில் யாரோ ஒரு தலையணையை வைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. நாக்கு மட்டும் என்னுடையது. அது போய்ப் போய் அந்தப் பல்லைத் தேடுகிறது, "நாக்க உள்ள வைங்க சார்" என்கிறார், உள்ளே இழுக்கிறேன், மறுபடி போகிறது. முன்பல்லுக்கு அடுத்த பல். வேரைச் சுத்தம் பண்ணிப் பாப்போம், நிக்கலேன்னா எடுத்துருவோம் என்று, காப்பி சாப்பிடுறீங்களா என்று கேட்கிற குரலில் சொன்னார். எடுத்துருவோம். எடுத்துவிட்டால் நான் எதில் போய் நாக்கை ஊன்றுவேன்? த அங்கேதான் இருக்கிறது, ந அங்கேதான் இருக்கிறது. சனிக்கிழமை துறைமுக மைதானத்தில் மேடை, சொந்த ஊரில் முதல் மேடை, எல்லோரும் கேட்கப் போகிற அந்தப் பாட்டின் பேரே ந-வில்தான் தொடங்குகிறது. நீ என்று வர வேண்டிய இடத்தில் வெறும் காற்று வந்தால்? தூத்துக்குடிக்காரன் சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். சட்டைப்பையில் போன் அதிர்கிறது, நெஞ்சின் மேல் ஒரு வண்டு. தொம்மையாகத்தான் இருக்கும். தொம்மை கொரேரா, எங்கள் கரைமடி இசைக்குழுவின் கித்தார், தலைவர், வேன் டிரைவர், சண்டைக்காரன், எல்லாம் அவனே. காலையிலேயே கூப்பிட்டுச் சொல்லிவிட்டான்: "இன்னாசி, மத்தியானத்துக்குள்ள சொல்லிருல. அட்டை அச்சுக்குப் போகுது. மரபுன்னே இருக்கட்டுமா, உன் பேரப் போடவா? உன் பாட்டு, நீதான் சொல்லணும். பொறவு என்னய ஏசக்கூடாது."

மரபு. சின்னச் சொல், உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. எங்கள் "உப்புத் தாளம்" தொகுப்பில் பத்துப் பாட்டு, ஒன்பதுக்கு யார் எழுதியது, யார் மெட்டு என்று பேர் இருக்கிறது, "நீவாடு" என்ற ஒன்றுக்கு மட்டும் "பாடல்: மரபு". வெளியிட்ட சென்னைக் கம்பெனியில் யாரோ பாட்டைக் கேட்டிருக்கிறார், இது பழைய மீனவர் பாட்டாகத்தான் இருக்க முடியும் என்று அவராகவே முடிவுசெய்து போட்டுவிட்டார். பார்த்ததும் தொம்மை தரையில் உட்கார்ந்து சிரித்தான். நானும் சிரித்தேன், உள்ளே ஜிவ்வென்று ஏறியது, மறைப்பானேன். நாற்பத்தெட்டு வயதில் நான் எழுதிய முதல் பாட்டு அது. கடலைப் பார்த்துக்கூட எழுதவில்லை. ரெண்டாம் கேட்டில் சரக்கு ரயிலுக்காக ஸ்கூட்டரில் காத்து நின்றேன், முன்னால் ஒரு பிராய்லர் கோழி வண்டி, அந்தக் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சின்ன வயதில் தெருவில் காதில் விழுந்து எங்கேயோ கிடந்த சொல் மேலே வந்தது, நீவாடு, கடலுக்கு உள்ளே ஓடுகிற ஓட்டம், போட்ட வலையைப் போட்ட இடத்தில் இருக்க விடாதது. கேட் திறப்பதற்குள் இரண்டு கண்ணி வந்துவிட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அது ஒரு ஆள் எழுதிய மாதிரியே இல்லையாம்! இதற்கு மேல் ஒருவனுக்கு என்ன வேண்டும்? அப்படித்தான் இருந்தேன், விமர்சனம் வரும் வரை. வார இதழில் ஒருவர் எழுதினார்: மற்ற ஒன்பதும் முயற்சி, இது ஒன்றுதான் மூச்சு, பெயர் தெரியாத ஏதோ ஒரு மூதாதை அலைமேல் நின்று பாடியது. அலைமேல். கடலுக்குள் இரண்டு தடவை போயிருக்கிறேன், இரண்டு தடவையும் வாந்தி. அந்த மூதாதை இதோ படுத்திருக்கிறான் ஐயா, கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை சாப்பிடுகிறான். அவர் முயற்சி என்று தள்ளிய ஒன்பதில் நாலு என்னுடையது. பேர் போட்ட இடத்தில் அடி, பேர் போடாத இடத்தில் மாலை. இப்போது அதே தொகுப்பைக் கறுப்பு இசைத்தட்டாகவும் போடுகிறார்கள், அச்சடித்தால் அடித்ததுதான், ராத்திரியெல்லாம் புரண்டு பார்த்துவிட்டுப் பேரைப் போடச் சொல்லிவிடுவது என்றுதான் வந்து இந்த நாற்காலியில் சாய்ந்தேன். இன்னாசி மிராந்தா. அட்டையில் எப்படி இருக்கும்? கொஞ்சம் நீளம். இ. மிராந்தா என்றால் ஆடிட்டர் மாதிரி இருக்கிறது. ஆடிட்டர்தான். வெளிநாட்டில், அபர்தீனில் இருபது வருஷம் கப்பல் கம்பெனிக் கணக்கு பார்த்தவன்தானே.

"ரெக்சிலின், ரேடியோவ நிறுத்தும்மா, விளம்பரமாவே வருது. உன் போன்ல அந்த நீ வாடு பாட்டு இருக்குல்ல, அதப் போடு" என்கிறார் டாக்டர், என் தலைக்குப் பின்னால் எங்கேயோ உதவிக்கு நிற்கிற ரெக்சிலின் எச்சிலை உறிஞ்சுகிற குழாயை என் கடைவாயில் மாட்டிவிட்டுப் போகிறாள், முப்பது வயது இருக்கும், உள்ளே வரும்போதே என் வயதைக் கேட்டுவிட்டு "பாத்தா தெரியல" என்றவள், எந்தப் பக்கம் தெரியவில்லை என்று சொல்லவில்லை. குழாய் உர்ரென்கிறது, அதற்குள்ளிருந்து எங்கள் குழு மாசானத்தின் உறுமி உர்ரென்கிறது, எது எது என்று ஒரு கணம் பிரியவில்லை, அப்புறம் தொம்மையின் கித்தார், அப்புறம் நான். வாயைப் பிளந்து படுத்துக்கொண்டு என் வாயிலிருந்து வந்த பாட்டைக் கேட்கிறேன். தெக்க இருந்து வந்தவளே நீவாடு, திசை மாறிப் போறவளே நீவாடு, போட்ட வலை போன இடம் சொல்லாம பொழுதெல்லாம் இழுக்க வச்ச நீவாடு. அந்தக் கடைசி நீவாடுக்கு முன்னால் ஹ்ம் என்று ஒரு மூச்சு வருகிறதே, அது நடிப்பு இல்லை. பழைய உப்புக் குடோனில் பதிவு செய்தோம், சுவரெல்லாம் உப்பு பூத்து, ஒரு வாரத்தில் கித்தார்க் கம்பி துருப்பிடிக்கும், ஆனால் ஒரு கைதட்டினால் நாலு திரும்பி வரும். முதல் நாள் ஒலிவாங்கிக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். தொம்மை நிறுத்தினான். "என்னல, பாடுதியா, பூசை வைக்கியா?" என்றான், போய் வண்டியிலிருந்து வடக்கயிறு கொண்டுவந்து தூணில் சுற்றி லாரி டயர் நாலைக் கட்டி, "இதை இழுத்துட்டே பாடு. மூச்சு எங்க முட்டுதோ அங்க அடி முடியட்டும்" என்றான். இழுத்தேன். இரண்டாவது கண்ணியில் நான் எழுதிவைத்திருந்த மூன்று சொல் தானாக உதிர்ந்துவிட்டது, அவற்றுக்கு மூச்சு இல்லை. மாசானம் தாளம் பார்க்கவில்லை, என் முதுகைப் பார்த்தே அடித்தான். கோரஸுக்குக் கரையிலிருந்து ஆட்கள் வந்தார்கள், எல்லோரும் ஒரே கயிறு, நான் முன்னால். உள்ளங்கை கிழிந்து மறுநாள் பேஸ் கித்தார் வாசிக்க முடியவில்லை, பிளாஸ்திரி ஒட்டி வாசித்தது ஏழாவது பாட்டில் கேட்கும், மந்தமாக. இதோ அந்த ஹ்ம். நன்றாகத்தான் இருக்கிறது. யாராவது பார்த்தால் தலைக்கனம் என்பார்கள், வாய் இந்த நிலையில் இருக்கும்போது முகத்தில் எதுவும் தெரியாது, அது ஒரு வசதி.

"பாவம், எந்தப் பொண்ணு ஏமாத்துனாளோ, நீ வாடு நீ வாடுன்னு சாபம் விடுதான்" என்கிறார் டாக்டர், பல்லுக்குள் எதையோ மெல்லத் திருகியபடி. "சாபமா?" ரெக்சிலின் சிரிக்கிற சிரிப்பில் தட்டில் இருந்த கருவிகள் கிணுகிணுக்கின்றன. "டாக்டர், கோவில்பட்டின்னு இப்படியா நிரூபிப்பிய? நீவாடு ஒரே சொல்லு. கடலுக்குள்ள ஓடுத ஓட்டம். வலைய இழுத்துட்டுப் போவும்லா, அது." "அப்ப வந்தவளே போறவளேங்கான்?" "நீவாட்டத்தான் அவள்ங்கான். உங்க ஊர்ல கண்மாய அப்படிப் பாட மாட்டாவளா?" "எங்க ஊர்க் கண்மாயில தண்ணி கெடந்தாத்தானம்மா பாட. நான் வீட்டுல சண்டை வந்தா இதத்தான் சத்தமா வைப்பேன். வீட்டம்மா விசுக்குன்னு எந்திரிச்சுப் போவா." "அவியளுக்கு அர்த்தத்தச் சொல்லிராதீங்க. பாட்டு அதுபாட்டுக்குப் பயன்படட்டும்." நான் படுத்தபடியே குலுங்குகிறேன், அசையாதீங்க சார் என்கிறார். ரொறன்ரோவிலிருந்து ஒருவர் இந்தப் பாட்டைக் கேட்டு அழுததாக எழுதியிருந்தார், அவருக்கும் நீ வாடுதான், பதில் போடவில்லை, அழுதவரிடம் போய் ஐயா அது நீரோட்டம் என்றா சொல்வது? "எப்படியோ நல்ல பாட்டு" என்கிறார் டாக்டர். "நல்ல பாட்டுதான்" என்கிறாள் ரெக்சிலின், "களவாண்ட பாட்டு." குழாயோடு தலையைத் திருப்பப் பார்க்கிறேன். "எங்க மாமனார் பாட்டு டாக்டர். கஸ்பார். கிழிஞ்ச வலை பொத்தும்போது அவரு எப்பவும் பாடுதது. இந்த பேண்டுக்காரனுவ எங்கனயோ கேட்டு எடுத்துட்டானுவ. எடுத்தவன் அவரு பேரப் போட்டா என்ன? மரபுன்னு போட்டுருக்கான். மரபுன்னா யாரு? அவருக்கு ஆதார் கார்டு இருக்கா? மரபுன்னு போட்டுட்டா ஒருத்தரும் வந்து கேக்க மாட்டாவல்ல, அதான்." இல்லை. இல்லம்மா. நான் ஆ ஆ என்கிறேன். "வலிக்குதா சார்? வலிச்சா கையத் தூக்குங்க." கையைத் தூக்கிவிட்டேன். நான் பேச வேண்டும் என்று தூக்கினேன், அவர் ஊசியை எடுத்துவிட்டார், இன்னொன்று போட்டார், இப்போது மூக்கும் முழுதாகப் போய்விட்டது.

கஸ்பார். எனக்குத் தெரியும் அவரை. கோரஸுக்கு வந்தவர்களில் கயிற்றின் கடைசியில் பிடித்தவர், வெள்ளை முண்டாசு, இழுக்கிறாரா சும்மா பிடித்திருக்கிறாரா என்று தெரியாது, ஆனால் அவர் கையை விட்டால் டயர் நகராது. முடிந்ததும் எல்லோரும் டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள், அவர் மட்டும் நின்று, "இன்னொருக்கா போடுங்கப்பா" என்று கேட்டார், போட்டோம், "இன்னொருக்கா" என்றார், உதடு அசைந்துகொண்டே இருந்தது, "ம்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அங்கே போயிருக்கிறது! அவர் வீட்டுக்குப் போய், வலைக்கு மேலே உட்கார்ந்து, மருமகள் காதில் விழுந்து, தொகுப்பு வெளிவருவதற்குள் அந்த வீட்டில் அதற்கு வயசாகிவிட்டது. கிழவர் வாயிலிருந்து வந்ததால் கிழட்டுப் பாட்டு. என்னைத் திருடன் என்கிறாள், எனக்கு ஏன் இப்படி மார்பு விரிகிறது? மரபுன்னா யாரு என்று கேட்டாளே. அந்தக் கேள்வியை நான் என்னிடம் கேட்கவே இல்லை. எட்டாம் வகுப்பு வரை மாதா கோயில் பங்குப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு ஒன்பதில் விடுதியில் ஆங்கிலத்துக்கு மாறியவன் நான், கணக்கு ஒரு மொழியில் வரும், கோபம் இன்னொரு மொழியில், மரபு என்ற சொல்லை இரண்டு மொழியிலும் புத்தகத்தில்தான் பார்த்தேன், அதற்கு ஒரு முகம் வேண்டும் என்று தோன்றவில்லை. அபர்தீன் மதுக்கடையில் வியாழக்கிழமை தோறும் மேசையைத் தட்டிக்கொண்டு அவர்கள் ஊர்க் கடல் பாட்டு பாடுவார்கள், ஒரு தடவை ஒருவர் என் பக்கம் திரும்பி உங்க ஊர்ப் பாட்டு ஒண்ணு என்றார், எனக்கு ஞானப்பாட்டும் சினிமாப் பாட்டும்தான் தெரிந்தது, எழுந்து கழிப்பறைக்குப் போனேன், திரும்பி வரும்போது வேறு பேச்சு. இனி எங்கள் ஊர்க்காரன் ஒருவன் அங்கே போய் உட்கார்ந்து, அவர்கள் கேட்டால் நீவாடு பாடலாம். என் பேரோடா, பேர் இல்லாமலா? மரபு என்று விட்டால் இவளுக்கு நான் திருடன், பேரைப் போட்டால் இன்னும் பெரிய திருடன். விட்டுக்கொடுத்தான் என்று யாரும் சொல்லப்போவதும் இல்லை, அது நான் கொடுத்தது என்றே யாருக்கும் தெரியாதே. வேண்டும். எனக்குப் பேர் வேண்டும். வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் வேண்டும். கை கிழிந்தது எனக்குத்தானே.

"கொப்பளிங்க சார். பல்லு நிக்கும், பயப்படாதீங்க, கெட்டிப் பல்லு" என்று டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டு அடுத்த அறைக்குப் போகிறார். கொப்பளிக்கிறேன், பாதி கிண்ணத்தில், பாதி சட்டையில். நாக்கு ஓடிப்போய்ப் பல்லைத் தொடுகிறது, இருக்கிறது, ந இருக்கிறது. ரெக்சிலின் பஞ்சை நீட்டுகிறாள். "அந்தப் பாட்டு நான் எழுதினது" என்கிறேன். உதடு ஒட்டவில்லை, ப-வைக் காணோம். "எந்த ஆடு சார்?" "பாட்டு. பாட்டு. கஸ்பார் கோரஸ் பாட வந்தார், கயிறு இழுத்தார், கேட்டுப் பாருங்க. நான் இன்னாசி." அவள் என்னை மேலிருந்து கீழே பார்க்கிறாள், சட்டையில் எச்சில். "நீங்களா? சரி, பாடுங்க பாப்போம்." பாடினேன். ந மட்டும் வந்தது, மற்றதெல்லாம் கூழ். அவள் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் பொறுத்தாள், அப்புறம், "அப்படி இல்ல சார், உங்களுக்குச் சரியா தெரியல" என்று தட்டில் கரண்டியால் தட்டிக்கொண்டு அவளே எடுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு கண்ணி. நான் அந்த மூன்று சொல்லை உதிர்த்த இடத்தில் அவளும் மூச்சு விட்டாள். நாலாவது முடிந்தது, தலையாட்டினேன், அவள் நிறுத்தவில்லை.

"கடலெல்லாம் தண்ணிதானே நீவாடு, குடத்துக்கு ஒண்ணுங் காணோம் நீவாடு, எங்க தெரு பைப்பு பக்கம் ஒரு நாளு எட்டிப் பாத்துப் போனா என்ன நீவாடு" என்று பாடி முடித்துக் கரண்டியைக் கீழே வைத்தாள். எனக்கு உதட்டைப் போலவே உடம்பெல்லாம் மரத்த மாதிரி இருந்தது. "இது?" என்றேன். "இதுவும் அதுலதான். தண்ணி வராத அன்னைக்கு சலேத் மாதா தெருவுல பொம்பளைங்க பூராவும் பைப்படியில நின்னு பாடுவோம், கவுன்சிலர் வீட்டுக்குக் கேக்கட்டும்னு." "கஸ்பார் சின்ன வயசுல பைப்பு இருந்துச்சா?" அவள் யோசித்தாள். "இருந்திருக்கும். தண்ணி வந்திருக்காது." பிறகு, "சாயங்காலம் மாமாட்ட கேப்பேன் சார். பொய்யா இருந்துச்சுன்னா, சனிக்கிழமை மைதானத்துக்கே வந்து கேப்போம்." "எல்லாரும் வாங்க" என்றேன், "அந்த அஞ்சாவதை எனக்கு யாராவது சொல்லித்தரணும்." ரயில்வே கேட்டில் ஒரு வருஷம் நின்றிருந்தாலும் எனக்கு அந்தப் பைப்பு வந்திருக்காது. அது என் பாட்டுக்குள் வந்து நிற்கிறது, என்னிடம் கேட்காமல், சரியான இடத்தில் மூச்சு விட்டுக்கொண்டு. மெட்டு என்னுடையது. சந்தேகமே இல்லாமல் என்னுடையது. போன் மறுபடி அதிர்ந்தது, எடுத்தேன், "என்னல முடிவு? அச்சுக்காரன் உயிர எடுக்கான்" என்றான் தொம்மை. "மரபு வேண்டாம்" என்றேன். "என் பேரப் போடு. இன்னாசி மிராந்தா, முழுசா. கீழ இன்னொரு வரி போடணும். அஞ்சாவது கண்ணி, சலேத் மாதா தெருப் பெண்கள்." "வாயில என்னத்தல வச்சுருக்க, ஒண்ணும் விளங்கல. அஞ்சாவதா? பாட்டுல நாலு கண்ணிதானல இருக்கு?"

"இப்ப அஞ்சு" என்றேன்.